நல்ல தண்ணீர், மஞ்சி நீள்ளு

சித்திரை வெயில் ஏறத் தொடங்கியதும் சென்னைக்கு வடக்கே செல்லும் நெடுஞ்சாலையில் கீற்றுப் பந்தல்கள் முளைக்கின்றன. ஆரம்பாக்கம் வரை அவற்றின் நெற்றியில் 'தண்ணீர்ப் பந்தல்' என்று எழுதியிருக்கும். எல்லையைத் தாண்டித் தடாவில் மேற்கே திரும்பி, ஸ்ரீகாளஹஸ்தி சாலையில் வரதய்யபாளையத்தை நோக்கிப் போனால் அதே கீற்று, அதே மண்பானை, பானையைச் சுற்றி அதே ஈரத்துணி. பெயர் மட்டும் 'சலிவேந்திரம்'. தெலுங்கில் சலி என்றால் குளிர்ச்சி. தமிழில் சலித்துப் போவதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பந்தலைக் கட்சிக்காரர்கள் போட்டிருந்தால் பானையைவிடத் தலைவரின் படம் பெரிதாக இருக்கும் என்பதில் மட்டும் இரு மாநிலங்களுக்கும் கருத்து வேறுபாடு கிடையாது.

வரதய்யபாளையம் 2022 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்தது; அதன் பிறகு திருப்பதி மாவட்டத்துக்கு வந்தது. சென்னை இளைஞர்களுக்கு இந்தப் பெயர் அவ்வளவாகப் பழக்கமில்லை. 'தடா அருவி' என்றால் தெரியும். அவர்கள் மலையேறிப் போய்க் குளிக்கும் உப்பலமடுகு அருவி இந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. இங்கே கடைத்தெருவில் நின்றால் எந்த மாநிலத்தில் இருக்கிறோம் என்று காது தடுமாறும். கடைக்காரர் தெலுங்கில் விலை சொல்வார். வாங்குபவர் தமிழில் பேரம் பேசுவார். சில்லறை கை மாறும்போது இருவரும் மொழி மாறியிருப்பார்கள். வெயிலில் நடந்து வந்து திண்ணையோரம் நிற்கும் கிழவி, "கொஞ்சம் நல்ல தண்ணி குடும்மா" என்பாள். உள்ளேயிருந்து, "ரா அவ்வா, கூச்சோ. மஞ்சி நீள்ளு தெஸ்தா" என்று பதில் வரும். வா பாட்டி, உட்கார், நல்ல தண்ணீர் கொண்டு வருகிறேன்.

இதில் கவனிக்க வேண்டிய சொல் ஒன்று உண்டு. தமிழில் குடிக்கிற தண்ணீரை 'நல்ல தண்ணீர்' என்கிறோம். தெலுங்கில் குடிநீருக்கு 'மஞ்சி நீள்ளு'. மஞ்சி என்றால் நல்லது. நல்ல மனிதன் என்று சொல்வதற்கும் இரு மொழிகளிலும் அதே சொல்தான். இந்தியில் பெரும்பாலும் 'இனிப்புத் தண்ணீர்' என்பார்கள். அது நாக்கின் தீர்ப்பு. தமிழனும் தெலுங்கனும் கொடுத்த தீர்ப்பு வேறு. கிழக்கே கொஞ்ச தூரத்தில் பழவேற்காடு ஏரியின் உப்பு. கிணறு தோண்டினால் எந்தத் தண்ணீர் வரும் என்று சொல்ல முடியாத மண்ணுக்கு அருகில் வாழ்ந்தவர்களுக்கு, குடிக்கத் தக்க தண்ணீர் வெறும் சுவையான பொருளாகத் தோன்றியிருக்காது. ஆனால் நல்ல என்ற சொல்லும் மஞ்சி என்ற சொல்லும் ஒன்றல்ல. ஒரு மொழி மற்றதிடமிருந்து கடன் வாங்கவில்லை. இருவரும் அவரவர் சொல்லால் ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள்.

உறவு முறையிலும் இதே கதைதான். அக்கா இரு பக்கமும் அக்கா. அத்தை அத்தவாகிறாள். தம்பி தம்முடுவாகிறான். குழந்தைக்குக் காது குத்தும்போது தாய்மாமன் மடி வேண்டும் என்பது இரண்டு வீட்டிலும் உண்டு. அங்கே அவர் மேனமாம. முறைப்பெண் வழக்கத்துக்கு அங்கே மேனரிகம் என்று பெயர். வருடப் பிறப்புதான் ஒத்துவராது. தெலுங்கர்கள் சந்திரனைப் பார்த்து உகாதி கொண்டாடுகிறார்கள். தமிழர்கள் சூரியனைக் கணக்கிட்டுச் சித்திரை முதல் நாள் கொண்டாடுகிறார்கள். நாள் வேறு, பஞ்சாங்கம் வேறு. ஆனால் உகாதிப் பச்சடியிலும் தமிழ் வருடப் பிறப்பு மாங்காய்ப் பச்சடியிலும் வெல்லத்தோடு வேப்பம்பூவும் விழுகிறது. வருடத்தின் முதல் வாய் கசந்துதான் இனிக்க வேண்டும் என்று இரண்டு சமையலறைகளும் தனித்தனியே நினைத்திருக்கின்றன.

ஆகவே இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லிவிட ஆசை வரும். சொல்லிப் பார்த்தால் இரு தரப்பும் சண்டைக்கு வருவார்கள். வரத்தான் வேண்டும். இந்த மண்ணில் அந்தச் சண்டைக்கு நீண்ட சரித்திரம் இருக்கிறது.

தனி ஆந்திர மாநிலம் கேட்டு பொட்டி ஸ்ரீராமுலு உண்ணாவிரதமிருந்து 1952 டிசம்பரில் உயிர் விட்டது சென்னை மைலாப்பூரில். சென்னை நகரமே யாருக்கு என்ற கேள்வி அப்போது அனல் பறந்தது. 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திரம் பிறந்தது; சென்னை தமிழர்களிடம் தங்கியது. திருத்தணிக்காகவும் திருப்பதிக்காகவும் ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் வடக்கெல்லைப் போராட்டம் நடத்தினார்கள். கடைசியில் மத்தியஸ்தராக வந்த படாஸ்கர் கோடு கிழித்தார். 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. பதிலாகச் செங்கற்பட்டு மாவட்டத்தின் பொன்னேரி, திருவள்ளூர் தாலுகாக்களைச் சேர்ந்த கிராமங்கள் ஆந்திரத்துக்குப் போயின. வரதய்யபாளையத்துக்குத் தெற்கே உள்ள சத்தியவேடு பகுதி அப்படிப் போனதுதான். ஒரு மார்ச் 31 இரவு தமிழ்நாட்டில் படுத்தவர்கள் காலையில் ஆந்திராவில் எழுந்தார்கள். வீடும் மாறவில்லை, மாடும் மாறவில்லை. பட்டாவின் மொழியும் பள்ளிக்கூடத்தின் மொழியும் மாறின. மொழியைத் தன் மானமாக நினைப்பவர்களுக்கு இது சின்ன விஷயமல்ல. பள்ளிக்கூடத்தில் தமிழ் இல்லாத தலைமுறை தமிழில் பேசும், எழுத வராது. அந்தக் குறை எல்லைக்கு இரு பக்கமும் இருக்கிறது. திருத்தணி பக்கத்துத் தெலுங்குக் குடும்பங்களும் இதையே சொல்லக்கூடும்.

இந்தப் பின்னணியில்தான் 1983ஐப் பார்க்க வேண்டும். சென்னை தாகத்தில் தவித்துக்கொண்டிருந்தது. கிருஷ்ணா நதியில் பங்குள்ள மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரம் மூன்றும் தத்தம் பங்கிலிருந்து ஆளுக்கு 5 டி.எம்.சி. கொடுப்பதாக 1976லேயே ஒப்புக்கொண்டிருந்தன. மொத்தம் 15, வழியில் வீணாவது 3 போக 12 டி.எம்.சி. சென்னைக்கு. மராத்தி, கன்னடம், தெலுங்கு பேசும் மூன்று மாநிலங்கள், தங்கள் நதிக்கரையிலேயே இல்லாத ஒரு தமிழ் நகரத்துக்குக் குடிநீர் கொடுக்க முன்வந்தன. காவிரியையும் கிருஷ்ணாவையும் பற்றி நாம் வழக்கமாகப் படிக்கிற செய்திகளுக்கு நடுவே இதை அதிகம் பேர் நினைவில் வைத்திருப்பதில்லை.

தண்ணீரைக் கொண்டுவரும் ஒப்பந்தம் 1983 ஏப்ரலில் கையெழுத்தானது. ஒரு பக்கம் எம்.ஜி.ஆர்.; மறு பக்கம் என்.டி.ராமராவ். தெலுங்கரின் சுயமரியாதை என்று முழங்கி அதே வருடம் ஜனவரியில் ஆட்சியைப் பிடித்தவர் என்.டி.ஆர். மொழி மானத்தை மூலதனமாக வைத்து வந்த ஒருவர், மூன்றே மாதத்தில், தெலுங்கர்கள் இழந்த நகரத்துக்குத் தண்ணீர் அனுப்பச் சம்மதித்தார். இருவரும் சென்னை ஸ்டுடியோக்களில் வாழ்ந்தவர்கள் என்பது ஒரு காரணமாக இருக்கலாம். திட்டத்துக்கு அவர் வைத்த பெயர்தான் சுவாரசியமானது: தெலுங்கு கங்கை. தமிழக அரசின் காகிதங்களில் அது கிருஷ்ணா நீர் வழங்கும் திட்டம். ஒரே கால்வாய், அந்தப் பக்கம் ஒரு பெயர், இந்தப் பக்கம் ஒரு பெயர். யாரும் யாருடைய பெயரையும் திருத்தச் சொல்லவில்லை.

ஸ்ரீசைலத்தில் கிளம்பி, வெலுகோடு, சோமசிலா, கண்டலேறு நீர்த்தேக்கங்களைக் கடந்து, கண்டலேறிலிருந்து 152 கிலோமீட்டர் இந்த வட்டாரத்தின் வழியே ஓடி, ஊத்துக்கோட்டை அருகே தமிழக எல்லையைத் தொட்டு, பூண்டியில் சேர வேண்டும். சேர 13 வருடங்கள் ஆயின. 1996 செப்டம்பரில் பூண்டியில் தண்ணீர் வந்தபோது எம்.ஜி.ஆர். இறந்து எட்டு வருடங்களுக்கு மேல் ஆகியிருந்தது, என்.டி.ஆர். அதே வருடம் ஜனவரியில் போய்விட்டார். வந்த தண்ணீரும் சொற்பம். மண் கால்வாய் வழியெல்லாம் குடித்துவிட்டது. பிறகு புட்டபர்த்தி சாயிபாபாவின் அறக்கட்டளை கால்வாயைச் செப்பனிட்டுக் கரைகளைப் பலப்படுத்தியது. 2004ல் தண்ணீர் ஒழுங்காக ஓடத் தொடங்கியது. கால்வாய்க்கு சத்ய சாயி கங்கை என்று மூன்றாவது பெயரும் வந்தது.

கதை இங்கே முடிந்திருந்தால் பாடப்புத்தகத்தில் சேர்த்துவிடலாம். கால்வாய்க் கரையில் நிலம் வைத்திருக்கிற விவசாயியைக் கேட்டால் வேறு கதை சொல்வார். வாசலில் தண்ணீர் ஓடுகிறது. வயல் வெடித்துக் கிடக்கிறது. தெலுங்கு கங்கை ஆந்திரத்திலும் ஐந்தே முக்கால் லட்சம் ஏக்கருக்குப் பாசனம் தரும் என்றுதான் திட்டமிட்டார்கள். கடைக்கோடிக்குத் தண்ணீர் எப்போதும் கடைசியில்தான் வரும். கோடையில் இரவோடு இரவாகக் கால்வாயில் என்ஜின் வைத்து இறைப்பதும், அதிகாரிகள் வந்து குழாய்களைப் பிடுங்குவதும் பழகிப்போன நாடகம். சென்னையில் உட்கார்ந்து இதைத் திருட்டு என்று சொல்வது சுலபம். சென்னையின் குழாயில் வருகிற தண்ணீர் காரைக் கழுவவும் போகிறது என்று அந்த விவசாயிக்குத் தெரியும். ஒப்பந்தப்படி 12 டி.எம்.சி. முழுதாக வராத வருடங்களே அதிகம். இருந்தும் கால்வாய் மூடப்படவில்லை. 'குடிக்கிற தண்ணீர்' என்ற சொல்லுக்கு அந்தக் கரையில் இன்னும் ஒரு மரியாதை இருப்பதும் ஒரு காரணம். அந்த மரியாதைக்கான விலையைச் சென்னை கொடுக்கவில்லை, கரையில் இருப்பவன் கொடுக்கிறான்.

பொதுவானதெல்லாம் நல்லது என்று நினைத்துவிடவும் முடியாது. தடாவுக்கு வடக்கே சூளூர்ப்பேட்டையில் செங்காளம்மன் கோயில் இருக்கிறது. தெற்கு நோக்கிய காளி, தென்காளி, செங்காளியானாள் என்று ஊரார் சொல்கிறார்கள். தமிழர்களும் தெலுங்கர்களும் கும்பிடுகிறார்கள். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் கிளம்புவதற்கு முன் விஞ்ஞானிகளும் வருகிறார்கள். கருவறைக்குக் கதவு கிடையாது, இரவிலும் நடை சாத்துவதில்லை. தெய்வத்துக்குக் கதவு வைக்காத இதே மண்ணில் கிணற்றுக்கு வேலி இருந்தது. தமிழ்நாட்டு டீக்கடையின் இரட்டைக் குவளையும், ஆந்திரத்து டீக்கடையின் இரண்டு கிளாஸ் முறையும் ஒரே கொல்லன் பட்டறையில் செய்தவை போலிருந்தன. 1985 ஜூலையில் பிரகாசம் மாவட்டம் காரம்சேடுவில், தலித் மக்கள் குடிக்கும் குளத்தை எருமை கழுவி அசுத்தப்படுத்தியதை ஒரு பெண் தட்டிக்கேட்டதில் தொடங்கிய தகராறு, ஆறு தலித்துகளின் கொலையில் முடிந்தது. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்தது. நல்ல தண்ணீர், மஞ்சி நீள்ளு என்று அழகாகப் பெயர் வைத்த இரண்டு மொழிகளும், அந்த நல்லது யாருக்கு என்பதில் ஒரே மாதிரித் தவறின.

ஆகவே இரண்டு பண்பாடுகளுக்கும் எது பொது என்று எண்ணிப் பார்த்துப் பட்டியல் போட்டால், பட்டியலில் தண்ணீர்ப் பந்தலும் இருக்கும், இரட்டைக் குவளையும் இருக்கும். எதை வைத்துக்கொள்வது, எதை உடைப்பது என்பதைப் பட்டியல் சொல்லாது. 1927 மார்ச்சில் மகாராஷ்டிரத்தின் மஹாட் ஊரில் அம்பேத்கர் சவுதார் குளத்தில் இறங்கி ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடித்தார். காரம்சேடுவில் ஒரு பெண் கேட்டார். தாகம் உள்ளவர் வாய் திறந்து கேட்கும்போதுதான், ஊர் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் பண்பு உண்மையா என்று தெரிகிறது.

உலகமும் இந்தச் சிக்கலில் மாட்டியிருக்கிறது. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, மனித குலம் முழுமைக்கும் பொதுவான உரிமைகளை எழுதிவிடலாம் என்று ஐ.நா. உட்கார்ந்தது. யுனெஸ்கோ 1947ல் பல நாட்டுச் சிந்தனையாளர்களுக்குக் கடிதம் எழுதியது. காந்திக்கும் வந்தது. எழுத்தறிவில்லாத தன் தாயிடம் தான் கற்றது, கடமையைச் சரியாகச் செய்வதிலிருந்துதான் உரிமை பிறக்கிறது என்பதுதான் என்று அவர் பதில் எழுதினார். அமெரிக்க மானிடவியல் சங்கம் வேறொரு எச்சரிக்கை விடுத்தது: மேற்கத்திய நாடுகளின் மதிப்பீடுகளையே உலகத்துக்கெல்லாம் அளவுகோலாக்கிவிடக் கூடாது. நியாயமான எச்சரிக்கை. உரிமைகள் எவை என்பதில் எங்களுக்குள் உடன்பாடு உண்டு, ஏன் என்று மட்டும் கேட்காதீர்கள் என்ற பொருளில் பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் ஜாக் மரித்தேன் பேசினார். 'எல்லா ஆண்களும்' என்று பொருள்படக்கூடிய ஆங்கிலச் சொல்லை, 'எல்லா மனிதர்களும்' என்று மாற்ற வைத்தவர் இந்தியாவிலிருந்து போன ஹன்சா மேத்தா. 1948 டிசம்பர் 10 அன்று பிரகடனம் நிறைவேறியது. அதன் 30 பிரிவுகளில் உணவு இருக்கிறது, உடை இருக்கிறது, வீடும் மருத்துவமும் இருக்கின்றன. தண்ணீர் இல்லை! குடிநீர் மனித உரிமை என்று ஐ.நா. பொதுச்சபை தீர்மானம் போட 2010 ஜூலை வரை ஆயிற்று. 122 நாடுகள் ஆதரித்தன, இந்தியாவும் அதில் உண்டு. எதிர்த்து ஒரு வாக்கும் இல்லை. 41 நாடுகள் நழுவிக்கொண்டன. தாகத்தைப் பற்றி அவ்வளவு யோசிக்க வேண்டியிருந்தது.

திண்ணைக் கிழவிக்குத் தண்ணீர் கொண்டுவந்த பெண்ணிடம் ஏன் என்று கேட்டால் ஒருத்தி புண்ணியம் என்பாள், இன்னொருத்தி எங்கள் வீட்டு வழக்கம் என்பாள். முஸ்லிம் வீட்டில் சவாப் என்பார்கள். மொஹரம் நாளில் அவர்கள் வைக்கும் சபீல், கர்பலாவில் தண்ணீர் மறுக்கப்பட்டு மாண்டவர்களின் நினைவு. சௌகார்பேட்டை மார்வாடி கட்டும் பியாவ், தன் முன்னோர் பாலைவனத்திலிருந்து கொண்டுவந்த பழக்கம். திங்களூரில் அப்பூதியடிகள் தாம் அதுவரை பார்த்தேயிராத திருநாவுக்கரசரின் பெயரில் தண்ணீர்ப் பந்தல் வைத்ததைப் பெரியபுராணம் சொல்கிறது. காரணங்களை ஒன்றாக்க முயன்றால் பந்தல்கள் பாதி காலியாகிவிடும். கர்பலாவை மறந்துவிட்டுப் பொதுநல நோக்கில் சபீல் வை என்றால் எவர் வைப்பார்?

இப்போது இந்த வட்டாரத்துக்குப் புதிய அந்நியர்கள் வந்திருக்கிறார்கள். சத்தியவேடு, வரதய்யபாளையம் மண்டலங்களில் 2008ல் தொடங்கப்பட்ட ஸ்ரீசிட்டி தொழில் நகரில் இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளின் நிறுவனங்கள் இருக்கின்றன. ஜப்பானின் இசுசு வண்டி செய்கிறது. பிரான்சின் ஆல்ஸ்டாம் மெட்ரோ ரயில் பெட்டி செய்கிறது. கடலை பயிரிட்ட வீட்டுப் பிள்ளைகள் சீருடை போட்டு ஷிப்டுக்குப் போகிறார்கள். நிலம் கொடுத்தவர்களுக்கு அதில் லாபமா நஷ்டமா என்பது வீட்டுக்கு வீடு வேறு கணக்கு. ஜப்பானிய மேலாளருக்கும் இந்தப் பிள்ளைகளுக்கும் இடையே ஆங்கிலம் ஒரு ஒற்றையடிப் பாலம். இருவரும் தடுமாறித்தான் நடக்கிறார்கள். குனிந்து வணங்குவதும் கைகூப்புவதும் புரிந்துவிடுகிறது, வரிசையாகச் செருப்பைக் கழற்றுவதும் புரிந்துவிடுகிறது. அதற்கு மேல் நெடுநாள் பழக வேண்டும்.

பழகினால் ஒரு விஷயம் தெரியவரும். ஜப்பானில் உயிர் பிரியும் தறுவாயில் இருப்பவரின், அல்லது அப்போதுதான் பிரிந்தவரின், உதடுகளை உறவினர் ஒவ்வொருவராகப் பஞ்சில் தொட்ட தண்ணீரால் நனைக்கிறார்கள். கடைசித் தண்ணீர் என்று அதற்கு அவர்கள் மொழியில் பெயர். தெலுங்கு வீட்டில் அந்த நேரத்தில் துளசி தீர்த்தம் விடுவார்கள். தமிழ் வீட்டில் கங்கைச் சொம்பை உடைப்பார்கள், அல்லது பால் ஊற்றுவார்கள். மெக்காவுக்குப் போய் வந்தவர் வீட்டில் ஜம்ஜம் நீர் பத்திரமாக இருக்கும். இனிமேல் அந்த உடம்புக்குத் தண்ணீரால் பயனில்லை என்று அங்கே நிற்கிற எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் வரிசையில் நிற்கிறார்கள். புத்தரை நினைத்து ஒருவர், விஷ்ணுவை நினைத்து ஒருவர். துளசியைப் பஞ்சாக மாற்றிக்கொள்ளச் சொன்னால் இருவருமே அவமானமாக நினைப்பார்கள்.

கண்டலேறில் மதகு திறக்கும் நாட்களில் ஆந்திர அதிகாரிகள் பூஜை போட்டுத் தண்ணீரை அனுப்பி வைக்கிறார்கள். ஆந்திர மக்களுக்கு அவள் கிருஷ்ணம்மா. பாதி வறண்ட கால்வாயை நனைத்துக்கொண்டு, என்ஜின்களுக்குக் கொஞ்சம் பறிகொடுத்து, நாலைந்து நாட்களில் அது ஊத்துக்கோட்டைக்குப் பக்கத்தில் உள்ள ஜீரோ பாயின்ட்டை எட்டும். அங்கே தமிழக அதிகாரிகள் காத்திருந்து பூத் தூவுகிறார்கள். சில வருடங்களில் அமைச்சர்களும் வருவதுண்டு. அப்போது பூக்கூடை பெரிதாக இருக்கும். மறுநாள் முதல் விநாடிக்கு எத்தனை கன அடி என்ற தகராறு ஆரம்பமாகும். கடிதங்கள் போகும், பதில்கள் வரும். தமிழும் தெலுங்கும் தெரிந்தவர்கள் இரு பக்கமும் வேண்டிய மட்டும் இருக்கிறார்கள். கடிதங்கள் ஆங்கிலத்தில்தான் எழுதப்படுகின்றன.